வாங்கும் கையும் ஏசும் நாவும்

அகிலத்தாரைப் படைத்து, அவரவர்க்குரிய உணவை அளந்து அளிக்கும் அல்லாஹு தஆலாவுக்கே எல்லாப் புகழும். ஏழைகளை நேசித்து, அவர்களோடு அமர்ந்து உண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

அன்பார்ந்த சகோதரர்களே! நாவினால் விளையும் பாவங்களைப் பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பொய், புறம், கோள் ஆகியவற்றின் தீமையை அறியாதவர் நம்மில் இல்லை. ஆனால் பாவம் என்றே உணராமல் நாம் செய்து வரும் நாவின் பாவம் ஒன்று உண்டு. அரசின் உதவியையோ ஜமாஅத்தின் ஜகாத்தையோ பெறுகின்ற ஏழையைப் பார்த்து, ஓசியில் வாழ்கிறவர் என்று இழிவாகப் பேசுவதே அது.

பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று 2021 மே மாதம் தமிழக அரசு ஆணையிட்டது. 2022 செப்டம்பரில், அப்போது உயர்கல்வி அமைச்சராயிருந்த பொன்முடி, ஒரு விழா மேடையிலேயே அப்பயணத்தைக் குறித்து ‘ஓசி’ என்ற சொல்லைக் கூறினார். பலத்த கண்டனம் எழுந்தது. எழ வேண்டியதுதான். ஆயினும் அந்தச் சொல் அந்த மேடையில் பிறந்ததன்று. நம் வீட்டுத் திண்ணையிலும், தேநீர்க் கடையிலும், ஏன், பள்ளிவாசலின் ஹவ்ளு ஓரத்திலும் புழங்கி வருகிற சொல்தான் அது.

அடுத்த ஆண்டு, 2023 செப்டம்பர் 15-ஆம் நாள், கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்பது திட்டம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஓராண்டில் 3,600 யூனிட்டுக்குமேல் மின்சாரம் செலவழித்திருக்கக் கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள் வைத்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த நமது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் பெண்கள் மனுக் கொடுத்தார்கள். உடனே பேச்சும் தொடங்கிற்று. அவள் காதில் தோடு இருக்கிறதே, அவள் மகன் கம்பெனியில் வேலை செய்கிறானே, அவளுக்கு எதற்கு இந்தப் பணம் என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு விசாரணை நடந்தது.

இந்த விசாரணையை நடத்தும் அதிகாரத்தை நமக்கு வழங்கியவர் யார்? அதனைத்தான் நாம் இங்கே சிந்திக்க வேண்டும்.

முதலில் ‘உரிமை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். செல்வந்தரின் பொருளில், கேட்பவருக்கும் கேட்க இயலாமல் வறுமையில் கிடப்பவருக்கும் குறிப்பிட்ட ‘ஹக்கு’ உண்டு என்று திருமறை (70:24, 25) அறிவிக்கின்றது. ஹக்கு என்றால் உரிமை. பிச்சை என்றோ, இலவசம் என்றோ, தயவு என்றோ அல்லாஹ் கூறவில்லை. அரசு தரும் உதவி ஜகாத் ஆகாது; அதன் சட்டம் வேறு, இதன் சட்டம் வேறு. எனினும் பொதுக் கருவூலத்தில் வறியவருக்குப் பங்குண்டு என்பது நமது மார்க்கத்திற்குப் புதிய செய்தியன்று. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் பதிவேடு ஏற்படுத்தி மக்களுக்கு உதவித்தொகை வழங்கினார்கள். பிறந்த குழந்தைக்கும் பங்கு கொடுத்தார்கள். கையேந்தி நின்ற முதிய யூதர் ஒருவருக்கும் பைத்துல்மாலிலிருந்து உதவி வழங்க ஆணையிட்டார்கள்.

சரி, தகுதியில்லாதவர் வாங்கினால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இருக்கின்றது. இறுதி ஹஜ்ஜின்போது அண்ணலார் தர்மப் பொருளைப் பங்கிட்டுக் கொண்டிருக்கையில் இருவர் வந்து கேட்டனர். அண்ணலார் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். இருவரும் உடல் வலிமை மிக்கவர்களாகத் தெரிந்தனர். நீங்கள் விரும்பினால் தருகிறேன். ஆனால் செல்வந்தருக்கும், சம்பாதிக்க வலிமையுள்ளவருக்கும் இதில் பங்கில்லை எனும் கருத்தில் நபியவர்கள் பதிலுரைத்தார்கள். அபூதாவூத், நஸாயீ ஆகிய ஹதீஸ் நூல்களில் இச்செய்தி காணப்படுகின்றது.

எவ்வளவு அழகிய முறை பாருங்கள்! பங்கிடும் பொறுப்பு அண்ணலாரிடமே இருந்தது. பார்ப்பதும் கேட்பதும் அவர்களது கடமை. அப்படியிருந்தும் கூட்டத்தின் நடுவே அவ்விருவரையும் அவமானப்படுத்தவில்லை. சட்டத்தை எடுத்துரைத்தார்கள், முடிவை அவர்களது ஈமானிடம் விட்டார்கள். பங்கிடும் பொறுப்பிலிருந்தவர்களே இவ்வாறு நடந்து காட்டியிருக்க, எந்தப் பொறுப்பும் இல்லாத நாம் எட்டிப் பார்த்துத் தீர்ப்புக் கூறுவது எங்ஙனம் தகும்? மனுவைச் சோதிக்க வட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. ஜகாத்தைச் சோதிக்க ஜமாஅத் நிர்வாகம் இருக்கிறது. மோசடி என்று உறுதியாகத் தெரிந்தால் உரிய இடத்தில் சொல்லலாம். தேநீர்க் கடை உரிய இடமன்று.

புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவான இன்னொரு வரலாறும் உண்டு. முற்காலத்தில் ஒரு மனிதர் இரவில் தர்மம் கொடுத்தார். அது ஒரு திருடன் கையில் சேர்ந்துவிட்டது. மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சு. அடுத்த இரவு கொடுத்தது ஒழுக்கம் தவறிய ஒருத்தியின் கையில் சேர்ந்தது. மீண்டும் பேச்சு. மூன்றாம் இரவு கொடுத்தது ஒரு செல்வந்தனிடம் போயிற்று. மூன்று முறையும் அம்மனிதர் அல்லாஹ்வைப் புகழ்ந்தார். திருடன் திருட்டை விடலாம், அவள் தீய வழியை விடலாம், செல்வந்தன் படிப்பினை பெற்றுத் தானும் கொடுக்கலாம் என்று அவருக்கு நற்செய்தி கூறப்பட்டது. கொடுத்தவருக்கு நன்மை கிட்டிற்று. வாங்கியவர்களுக்கும் திருந்த வழி பிறந்தது. விடிய விடியப் பேசிக் கொண்டிருந்த ஊர்வாய்க்குக் கிடைத்தது என்ன? ஒன்றுமில்லை.

இனி, தோற்றத்தைக் கண்டு முடிவு கட்டுவதைப் பார்ப்போம். தன்மானத்தால் கேட்காமல் இருக்கும் ஏழைகளை, அறியாதவர் செல்வந்தர் என்றே எண்ணிவிடுவர் என்று அருள்மறை (2:273) உணர்த்துகின்றது. குடியிருக்கும் வீடும், உடுத்தும் உடையும், தொழிற் கருவியும் இருப்பதால் மட்டும் ஒருவர் ஏழை என்னும் நிலையிலிருந்து நீங்கிவிட மாட்டார் என்று ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபு அறிஞர்களும் எழுதியுள்ளார்கள்.

நமது பகுதி மக்களுக்கு இதற்கு விளக்கவுரையே தேவையில்லை. 2006-ல் இங்கே நோக்கியா தொழிற்சாலை திறக்கப்பட்டது. கழுத்தில் அடையாள அட்டையும், கம்பெனிப் பேருந்துமாக ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பரில் உற்பத்தி நின்றுபோனது. சம்பளம் நின்ற மறுநாளே காதுத் தோடும், தவணையில் வாங்கிய வண்டியும் மறைந்துவிடுமா? அவை வீட்டில் இருக்கும். அரிசிப் பானை காலியாக இருக்கும். ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்பவருக்கு அடுத்த மாத வேலை உறுதியில்லை. வாசலில் நிற்கும் வண்டியைக் கண்டு, உள்ளே இருக்கும் பசியை அளக்க முடியாது.

நாம் பெறுவதையும் சற்றே எண்ணிப் பார்ப்போம். ரமளானில் நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்குத் தமிழக அரசு பல்லாண்டுகளாகப் பச்சரிசி வழங்கி வந்திருக்கிறது. செல்வந்தரும் ஏழையும் ஒரே வரிசையில் அமர்ந்து அக்கஞ்சியைக் குடித்திருக்கிறோம். அதை யாரும் ஓசிக் கஞ்சி என்று சொன்னதில்லை. பெருந்தொழிற்சாலைகளை அழைத்துவர அரசுகள் நிலத்திலும் வரியிலும் விட்டுக்கொடுத்தன. அதற்குச் ‘சலுகை’ என்று பெயர் வைத்தோம். பெரியவர் வாங்கினால் சலுகை, ஏழைப் பெண் வாங்கினால் ஓசி! ஹஜ் பயணிகளின் விமானக் கட்டணத்திற்கு மத்திய அரசு அளித்து வந்த மானியம் 2018-ல் நிறுத்தப்பட்டது. அதுவரை அந்த மானியத்தைச் சொல்லிச் சொல்லி நம் சமுதாயத்தைக் குத்திக் காட்டியவர்கள் எத்தனை பேர்! அந்தச் சொல்லின் வலியை அறிந்த நாம், அதே சொல்லை நம் அண்டைவீட்டுக் கைம்பெண்மீது எறியலாமா?

இதனால் விளையும் கேடு சிறியதன்று. நமது மஹல்லா ஒன்றில் கணவரை இழந்த பெண்மணி ஒருவர் இரண்டு பிள்ளைகளுடன் வாழ்ந்து வருகிறார். விதவை உதவித்தொகைக்கு மனுக் கொடுக்குமாறு கூறியபோது, “கை நீட்டிட்டான்னு என் புள்ளைங்கள நாளைக்குப் பேசுவாங்க அஜரத். வேணாம்” என்று மறுத்துவிட்டார். அந்தப் பிள்ளைகள் அரைவயிற்றுடன் மதரஸாவுக்கு வந்து ஓதினார்கள். அவர்களது உணவைத் தடுத்தது அரசுமன்று, அதிகாரியுமன்று, நமது நாவு. நாளை மறுமையில் அக்குழந்தைகள் நமது சட்டையைப் பிடித்துக் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

மதீனாவின் எல்லையில், வெறும் நீரைக் கொதிக்க வைத்துப் பிள்ளைகளைச் சமாதானம் செய்த பெண்ணை ஓர் இரவு உமர் (ரலி) அவர்கள் கண்டார்கள். அவரைக் கலீஃபா என்று அறியாமல், அப்பெண் கலீஃபாவையே குறை கூறினார். உமர் (ரலி) அவர்கள் அவளை விசாரணை செய்யவில்லை. மாவு மூட்டையைத் தமது முதுகிலேயே சுமந்து வந்து, தாமே அடுப்பை ஊதிச் சமைத்து, பிள்ளைகள் உண்டு சிரித்த பின்னரே திரும்பினார்கள்.

உதவி பெறுகின்ற சகோதர சகோதரிகளுக்கும் ஒரு சொல். தகுதியிருந்தால் தலைகுனியாமல் பெற்றுக் கொள்ளுங்கள். தகுதியில்லாமல் பொய்யான வருமானம் எழுதி வாங்குவது ஹராம். அது வேறோர் ஏழையின் ஹக்கை உண்பதாகும். நிலைமை சீரானதும் நீங்களே விலகிக் கொள்வது மேலான ஈமானின் அடையாளம். கொடுக்கும் கை வாங்கும் கையைவிட மேலானது என்ற நபிமொழி, நம்மை உழைக்கத் தூண்டுவதற்காகக் கூறப்பட்டதே தவிர, வாங்குபவரை மிதிப்பதற்காகக் கூறப்பட்டதன்று.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் நமது வேண்டுகோள் உண்டு. ரமளானில் ஏழைகளை வெயிலில் வரிசையில் நிறுத்தி, புகைப்படம் எடுத்து ஜகாத் கொடுக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதனைக் கைவிடுங்கள். சொல்லிக் காட்டியும் மனம் நோகச் செய்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்பது இறைக்கட்டளை (2:264) அன்றோ! இரவில் வீடு தேடிச் சென்று கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களின் அரசு மனுக்களை எழுதிக் கொடுக்க, ஜும்ஆவுக்குப் பின் படித்த இளைஞர்கள் இருவரைப் பள்ளிவாசலில் அமர்த்துங்கள். கேட்ட விவரங்களை அமானிதமாகக் காக்கச் சொல்லுங்கள்.

கொடுக்க நம்மிடம் பொருள் இல்லாமற் போகலாம். ஏசாமல் இருக்கப் பொருள் தேவையில்லை. வல்ல அல்லாஹ் நமது நாவுகளைக் காத்து, ஏழைகளின் மானத்தை நமது மானமாகக் கருதும் நல்லுள்ளத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.