தாய் வீட்டுக்கும் அனுமதி உண்டு



கல்லாவை எண்ணாமல் கடையைப் பூட்டும் வியாபாரி நம்மில் எவருமிலர். தனியே குடியிருக்கும் தாய் தந்தையர் அன்று சாப்பிட்டார்களா, சுகமாய்ப் படுத்தார்களா என்று விசாரியாமல் உறங்கிவிடுகிறவர்களோ அநேகர். நாமும் அக்கூட்டத்தில் இருந்தவரே. ஆகையால் புத்தி சொல்ல அல்ல, பட்டதைச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

நம் தாயாருக்கு வயது 76. அத்தா வஃபாத்தான பின்பு ஈரறை வீட்டில் தனியே இருக்கிறார்கள். நம்மோடு வந்திருங்கள் என்றால் இசைவதில்லை. "என் அடுப்பு, என் முஸல்லா, என் சாவி" என்பார்கள். சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் அரைமணி நேரம் கிடந்தார்கள். அடுத்த வீட்டுச் சீன மூதாட்டிக்குத்தான் அவர்கள் குரல் கேட்டது.

பதறிப்போன நாம் மறுநாளே ஒரு கேமரா வாங்கி, கூடத்து அலமாரிக்கு மேல் பொருத்திவிட்டோம். உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடையில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் அவர்களைப் பார்த்துக்கொண்டோம். அரிசி வாங்க வந்த நண்பரிடம் பெருமையாய்க் காட்டவும் செய்தோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

நான்காம் நாள் திரை இருண்டது. கோபத்தோடு போய்ப் பார்த்தால், கேமராவின் மேல் உம்மாவின் பழைய முக்காட்டுத் துணி கிடந்தது. "வீட்டுக்குள் வருகிறவன் ஸலாம் சொல்லிவிட்டு வருவான், வாப்பா. இது சொல்லவில்லையே. மூன்று நாளாய் என் வீட்டிலேயே முக்காட்டை எடுக்காமல் இருந்தேன்" என்றார்கள்.

ஓதிய பாடம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, ஸலாம் உரைத்தே நுழைய வேண்டுமென்று அந்நூர் அத்தியாயத்தில் (24:27) அல்லாஹ் கட்டளையிட்டிருக்கிறான். தாயிடமுமா அனுமதி கேட்க வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர் வினவினார். நான் அவளுடன் ஒரே வீட்டில்தானே வசிக்கிறேன் என்றும் சொன்னார். அப்போதும் கேட்டாக வேண்டும் என்றே நாயகம் அவர்கள் பதிலளித்ததாக இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் வந்திருக்கிறது. கால் வைத்து நுழைவதற்கே இப்படியென்றால், இரவு பகலாய் இமைக்காத ஒரு கண்ணைக் கொண்டுபோய் வைப்பதற்கு?

கேமராவைக் கழற்றினோம். பிறகு உம்மாவோடு உட்கார்ந்து பேசினோம்; இதை முதலிலேயே செய்திருக்கலாம். படம் பிடிக்காத உணர்கருவிகளும் உண்டு. ஆள் நடமாடும்போது உடற்சூட்டின் அசைவை மட்டும் அவை அறியும். குறித்த நேரம்வரை அசைவில்லையேல் நம் கைத்தொலைபேசிக்குச் செய்தி வரும். அத்தகையது ஒன்று சமையற்கட்டு வாசலிலும், அழுத்தினால் நம்மை அழைக்கும் பொத்தான் ஒன்று குளியலறையில், விழுந்து கிடந்தாலும் எட்டும் உயரத்திலும், அவர்கள் சம்மதத்தோடு வைத்தோம். விழுந்ததை அறியும் கைக்கடிகாரமும் இருக்கிறது. ஆனால் மெல்லச் சரிந்து விழுந்தால் அது அறியாமல் போகலாம். மின்கலம் தீர்ந்தாலோ, இணையம் அறுந்தாலோ எந்தக் கருவியும் ஊமைதான். மாதப் பிறைக்கு ஒருமுறை அழுத்திச் சோதிக்கிறோம். குளியலறைக் கைப்பிடிக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012 முதல் முதியோருக்கு உதவித்தொகையோடு அதனைப் பொருத்தித் தருகிறது. அதைக்கூட நாம் விழுந்த பிறகுதான் கேட்டோம்.

கைத்தொலைபேசியைக் கையில் கொடுத்தால் மோசடிக்காரனும் கூடவே வருவான். ஒருமுறைக் கடவு எண் என்பது கல்லாப்பெட்டிச் சாவி, பெற்ற மகன் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். சந்தேகம் வந்தால் 1799, உயிருக்கு ஆபத்தென்றால் 995. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியாயிற்று. படம் பார்த்துப் பேசும் வித்தையைச் சமூக மன்றத்தில் இருந்த மின்னிலக்கத் தூதர் ஒருவர் பொறுமையாய்க் கற்றுத் தந்தார். நமக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது ஸுபுஹு தொழுத பின் உம்மாவே அழைக்கிறார்கள். முதலில் ஸலாம், பிறகு, இன்றைக்கு மீன் என்ன விலை என்ற கேள்வி. போன வாரம் நாம் அசந்து தூங்கிவிட்டோம். மூன்றுமுறை அழைத்தும் எடுக்காததால், நமக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று மருமகளை எழுப்பி ஆள் அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.