ஊட்டும் கை

என் பாட்டி சோறு ஊட்டும்போது, "இன்னும் ஒரே ஒரு கவளம்டா" என்பாள். அதில் அன்பைத் தவிர வேறு கணக்கு இருந்ததில்லை. ஆனால் ஊட்டுகிற கையெல்லாம் அன்புக் கைதானா?

பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1912-ல் வெளியிட்ட தத்துவ நூலில் ஒரு கோழி வருகிறது. தினமும் தீனி போட்டவனே ஒரு நாள் அதன் கழுத்தைத் திருகிவிடுகிறான். நேற்று நடந்ததை வைத்து நாளையை நம்பலாமா என்பது ரஸ்ஸலின் கவலை. என் கவலை வேறு. கழுத்தைத் திருகிய நாளை விடுங்கள்; தீனி போட்ட நாட்களில் அவன் செய்தது என்ன?

அமெரிக்க வான்கோழிப் பண்ணைகளைப் பற்றிப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நியூயார்க் மாநிலத்தில், பெர்ல் ரிவர் என்ற ஊரில், லெடர்லி ஆராய்ச்சிச்சாலை இருந்தது. நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவ் அங்கே தலைமை வகித்த காலத்தில்தான் ஆரியோமைசின் பிறந்தது. உயிர் காத்த மருந்து. அதை வடித்தபின் மிஞ்சிய சக்கையை, அதிலுள்ள பி12 வைட்டமினுக்காக, ஜூக்ஸும் ஸ்டோக்ஸ்டாடும் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் வைட்டமின் கணக்கையும் தாண்டி வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த மருந்துதான் காரணம்! அப்புறம் கேட்பானேன்? நோயில்லாத வான்கோழிக்கும் தீனியில் மருந்து கலந்தார்கள்.

1960-ல் அங்கே ஒரு வான்கோழியின் சராசரி எடை 15 ராத்தல். இன்று 30-க்கும் மேல். பெரும் பங்கு இனத் தேர்வுக்கு. தீனிக்கும் பங்கு உண்டு. மார்பு பெருத்துப்போன சேவலால் பெட்டையோடு இயற்கையாகக் கூட முடியாது. உடம்பின் பாரம் தாங்காமல் நொண்டுகிற பறவைகளும் உண்டு.

கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டால் நமக்கு நோய் வரும்போது அது பலிக்காதே என்ற பயம் பிறகு வந்தது. வளர்ச்சிக்காக மருந்து கலப்பதை ஐரோப்பிய யூனியன் 2006-ல் தடுத்தது. மனித வைத்தியத்துக்கு முக்கியமான மருந்துகளை அப்படிக் கலப்பது அமெரிக்காவிலும் 2017-ல் நின்றது. நல்ல காரியம். ஆனால் இரண்டும் நம் உடம்புக்குப் பயந்து செய்தவை. பறவையின் காலுக்காக அல்ல. மருந்துக்குப் பதில் தீங்கில்லாத நுண்ணுயிரைக் கலந்தாலும் அந்தக் கால் அப்படியேதான் இருக்கும்.

இதை நம் ஊரில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன்.

"பட்டினி போட்டால்தானே ஸார் பாவம்? நான் வயிறாரப் போடுகிறேனே!" என்றார்.

போடுகிறார், வாஸ்தவம். ஆனால் போட்டுவிட்டு அவர் பார்ப்பது பறவையை அல்ல, தராசை. இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து சாப்பிட அழைத்துவிட்டார்கள்.

கோழிக் குழம்பு. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.