படுக்கையின் சுத்தமும் முதலாளியின் பொறுப்பும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய திருத்தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்கள் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

நான் ஆலிம் அல்லன். ஊரில் மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்டு, பினாங்கில் துணிக்கடை வைத்திருப்பவன். படுக்கை விரிப்பும் தலையணை உறையும் விற்பது என் தொழில். ஆகவே எனக்குத் தெரிந்த பொருளைப் பற்றியே நாலு வார்த்தை சொல்ல வருகிறேன். மார்க்கச் சட்டத்தில் ஐயம் எழுமானால் தங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டுகிறேன்.

கடைக்கு வருவோர் விரிப்பைத் தடவிப் பார்ப்பார்கள். பருத்தியா, கலப்பா, சாயம் போகுமா, எத்தனை அடிக் கட்டிலுக்கு வரும் என்றெல்லாம் விசாரிப்பார்கள். எத்தனை நாளைக்கு ஒரு முறை இதைத் துவைக்க வேண்டும் என்று கேட்பவர் அரிது. அற்பமான கேள்வி என்று எண்ணுகிறோம் போலும். ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு படுக்கையில் கழிகிறது. பகலில் உடுத்திய சட்டையை மறுநாள் உடுத்தக் கூசுகிற நாம், இரவெல்லாம் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் துணியை மாதக் கணக்கில் மாற்றாமல் விடுவது நியாயமாகுமா?

நம் மார்க்கம் படுக்கையை மறந்துவிடவில்லை. இரவில் படுக்கைக்குச் செல்பவர், தம் ஆடையின் உட்புற ஓரத்தால் படுக்கையைத் தட்டிவிட்டுப் படுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நாம் எழுந்து சென்ற பிறகு அதன் மேல் என்ன வந்து விழுந்தது என்று நமக்குத் தெரியாது என்பதே அதற்கு அவர்கள் சொன்ன காரணம். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீது புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டிலும் உண்டு. இதைச் சற்றே சிந்தியுங்கள். என் படுக்கைதானே, நான்தானே படுத்தேன் என்ற நம்பிக்கை போதாது. கண்ணுக்குத் தெரியாததையும் எண்ணி நடந்துகொள் என்பதன்றோ இதிலுள்ள பாடம்!

சிலர் ஒரு நியாயம் சொல்வதுண்டு. "வியர்வை நஜீஸ் அல்லவே, அதன் மேல் நின்று தொழுதாலும் தொழுகை கூடுமே" என்பார்கள். மெய்தான். மனிதனுடைய வியர்வை நஜீஸ் அன்று. ஆனால் பாக்காக இருப்பது வேறு, துப்புரவாக இருப்பது வேறு. நஜீஸ் இல்லாத துணி அழுக்காக இருக்கலாம். வெள்ளை வெளேர் என்று தோன்றும் துணியில் நஜீஸ் பட்டிருக்கலாம். இரண்டையும் கவனிப்பவனே முழுமையாகச் சுத்தம் பேணுபவன். தூய்மை ஈமானில் பாதி என்ற நபிமொழியை நாம் எல்லோரும் மதரஸாவில் சிறு வயதிலேயே ஓதியிருக்கிறோம். அந்தப் பாதியை ஒளுச் செய்யும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாகாது.

குழந்தையின் சிறுநீர், இரத்தம், வாந்தி ஆகியவை பட்டால் வாரக் கணக்கு என்ற பேச்சே இல்லை. உடனே கழுவ வேண்டியதுதான். அப்படிப்பட்ட துணியை நேரே சலவை இயந்திரத்தில் மற்றத் துணிகளோடு போட்டுவிடாதீர்கள். முதலில் குழாய்த் தண்ணீரில் அலசி நஜீஸைப் போக்கிவிட்டு, அதன் பிறகே இயந்திரத்தில் போடுவது பேணுதலாகும்.

நஜீஸ் ஏதும் படாத விரிப்பை எத்தனை நாளைக்கு ஒரு முறை துவைப்பது? இதற்கென்று ஒரு நாள் கணக்கை மார்க்கம் கடமையாக்கவில்லை. ஆனால் ஏழு நாளில் ஒரு நாளேனும் தலையையும் உடம்பையும் கழுவிக் குளிப்பது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் அல்லாஹ்வுக்குரிய கடன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். உடம்புக்கு ஏழு நாள் என்றால், அந்த உடம்பு கிடக்கும் துணிக்கும் அதையே அளவாகக் கொள்வது நல்ல ஒழுங்கு என்று என் சிற்றறிவுக்குப் படுகிறது. இன்றைய வைத்தியர்கள் சொல்லும் கணக்கும் ஏறத்தாழ வாரம் ஒரு முறைதான்.

வைத்தியர்கள் அவ்வாறு சொல்வதன் காரணம் யாதெனில், நம் உடம்பிலிருந்து நாள்தோறும் தோலின் பொடி உதிர்கிறது. அதைத் தின்று வாழும் தூசிப் பூச்சி ஒன்று உண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாது, கடிக்கவும் கடிக்காது. ஆனால் அதன் எச்சம் மூக்கில் ஏறினால் ஒவ்வாத உடம்பினருக்குத் தும்மலும், மூச்சிரைப்பும், தோல் அரிப்பும் உண்டாகும். காற்றில் ஈரம் மிகுந்த இடமே அதற்குச் சொர்க்கம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆண்டு முழுவதும் ஈரக் காற்றுத்தானே! இந்தப் பூச்சியைக் கொல்ல 55 முதல் 60 டிகிரி சூடுள்ள தண்ணீரில் துவைக்க வேண்டும் என்கிறார்கள். நம் முன்னோர் இந்த டிகிரிக் கணக்கு அறியார். ஆயினும் பினாங்கில் ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்து டோபி காட்டிலும், அதே பெயர் கொண்ட சிங்கப்பூர்ப் பகுதியிலும் துணி வெளுத்தவர்களின் தொழிலை எண்ணிப் பாருங்கள். ஊரில் வெள்ளாவி வைத்து ஆவியில் துணியை வேகவைத்தார்களே, அதில் அழுக்கோடு பூச்சியும் போயிற்று. இன்று வீட்டு இயந்திரத்தில் சுடுதண்ணீர் வராவிட்டால், காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அங்கே உலர்த்தும் இயந்திரத்தின் கடும் சூட்டில் வைத்து எடுத்தாலும் பலன் உண்டு.

வீட்டுக்கு ஒரு முறை சொல்கிறேன். விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒரு தடவை. தலையில் எண்ணெய் தேய்ப்பவர்களும், மிகுதியாக வியர்ப்பவர்களும் தலையணை உறையை வாரம் இரு தடவை மாற்றுவது நன்று. காய்ச்சல்காரர் படுத்திருந்தால் வியர்வையில் நனைந்தபோதெல்லாம் மாற்றுக. ஈரம் முற்றும் உலராமல் மடித்து அலமாரியில் வைக்கலாகாது, பூஞ்சணம் பிடிக்கும். அத்தர் தெளித்தால் அழுக்கு போய்விடாது. அழுக்கின் மேல் வாசனை உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். மறுபுறம், நாள்தோறும் துவைத்துத் தண்ணீரையும் சவுக்காரத்தையும் கொட்டுவதும் தேவையில்லை. வீண்விரயம் செய்வோரை அல்லாஹ் நேசிப்பதில்லை.

வெள்ளிக்கிழமையை இதற்குரிய நாளாக வைத்துக்கொண்டால் மறதி வராது. ஜும்ஆக் குளிப்புக்குப் போகுமுன் ஆண்மகனே விரிப்பை உருவித் துவைக்கப் போடட்டும். இது பெண்டிர் வேலை என்று ஒதுங்க வேண்டாம். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள். ஈச்சநார் அடைத்த தோல் மெத்தையில் படுத்த பெருமான் அவர்கள். சுத்தத்துக்குப் பணம் வேண்டியதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நிற்க. இதுவரை சொன்னது நம் வீட்டைப் பற்றி. முதலாளிமார்களே, இனிச் சொல்லப்போவது நம் கடையாட்கள் தங்கும் மேல்மாடியைப் பற்றி. இதைச் சொல்வதற்காகவே இதை எழுதத் துணிந்தேன்.

சில முதலாளிமார்கள் கடையாட்களுக்கு விரிப்பு வாங்க வரும்போது, "அழுக்குத் தெரியாத நிறமாகக் கொடுங்கள்" என்று கேட்பதுண்டு. கரும்பழுப்பும் கருநீலமும் அதற்காகவே விலை போகின்றன. சகோதரர்களே, அழுக்குத் தெரியாத நிறம் உண்டு. அழுக்கே சேராத நிறம் எந்த ஆலையிலும் நெய்யப்படவில்லை. யாருடைய கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று அந்த நிறத்தைத் தேடுகிறோம்? படுப்பவனுடைய முதுகுக்குத் தெரியும். படைத்தவனுக்கும் தெரியும்.

இரவும் பகலும் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடைகள் நம்மவரிடையே உண்டு. பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போன அதே படுக்கையில் இரவு ஷிப்டுக்காரன் வந்து விழுவது சில இடங்களில் வழக்கம். அடுப்பு வெக்கையில் நின்றவனுடைய வியர்வை, குழம்பு வாசனை, எண்ணெய்ப் பிசுக்கு யாவும் ஒரே துணியில் இரட்டிப்பாகச் சேர்கின்றன. ஒருவனுக்குச் சொறி வந்தால் அறை முழுவதும் சொறிகிறது. இந்தச் சொறிச்சிரங்கு ஒரு பூச்சியால் வருவது. நெருங்கிப் பழகும் உடம்பின் வழியாகவே பெரும்பாலும் பரவும். ஒருவர் படுத்த துணியின் வழியாகவும் பரவக்கூடும். மனித உடம்பை விட்டால் பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் அது பிழைப்பதில்லை. ஆகையால் ஒருவனுக்குக் கண்டால், அறையிலுள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்து, அன்றே விரிப்பு, உறை, கைலி, துண்டு அனைத்தையும் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துவிட வேண்டும். ஒருவனை மட்டும் வைத்தியரிடம் அனுப்பிவிட்டு மற்றவர்களை விட்டுவிட்டால், போன சொறி திரும்பி வரும்.

"அவர்கள் வளர்ந்த ஆண்பிள்ளைகள், தங்கள் துணியைத் தாங்களே துவைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்கலாம். கூடும்தான். ஆனால் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தப் பிள்ளையிடம் எத்தனை விரிப்பு இருக்கிறது? ஒன்றே ஒன்று என்றால், அவன் எப்படித் துவைப்பான்? மழை பிடித்த நாளில் காலையில் துவைத்தது இரவுக்குள் உலராது. ஈரத்தில் படுப்பான், அல்லது வெறும் மெத்தையில் படுப்பான். அதற்குப் பயந்தே துவைக்காமல் விட்டுவிடுகிறான். சோம்பேறி என்று நாம் ஏசுகிறோம். குறை அவனுடைய சோம்பலில் இல்லை, நாம் கொடுத்த கணக்கில் இருக்கிறது. ஆகவே எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று கேட்குமுன், எத்தனை விரிப்பு என்று கேட்பதே முறை. கட்டிலில் ஒன்று, கொடியில் ஒன்று. ஆளுக்கு இரண்டு இல்லாத இடத்தில் சுத்தத்தைப் பற்றிப் பேசுவது வெறும் உபதேசம்.

நம் கையின் கீழ் வேலை செய்வோர் நம் சகோதரர்கள். நாம் உண்பதையே அவர்களுக்கு உண்ணக் கொடுத்து, நாம் உடுப்பதையே உடுக்கக் கொடுக்க வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். சோற்று விஷயத்தில் நம்மவர்களில் பலர் தாராளமானவர்களே. கடையாளுக்கு வயிறாரச் சாப்பாடு உண்டு. உடுப்பு விஷயத்திலேதான் பகலோடு நின்றுவிடுகிறோம். விரிப்பும் போர்வையும் இரவின் உடுப்பு அல்லவா? நம் வீட்டுக் கட்டிலில் எந்தத் துணியை விரிக்க மனம் ஒப்பாதோ, அதை அவன் கட்டிலில் கிடக்க விடலாமா?

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படியும் நபிமொழி உண்டு. அல்ஹம்துலில்லாஹ், கூலியைக் கொடுத்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் நமக்காகச் சிந்திய அந்த வியர்வை எங்கே போய் உலர்கிறது? மேல்மாடியில் அவன் விரிப்பிலேதான். நேற்றைய வியர்வை, முந்தாநாள் வியர்வை, போன மாதத்து வியர்வை, எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

நாட்டுச் சட்டமும் சும்மா இருக்கவில்லை. மலேசியாவில் தொழிலாளர் குடியிருப்பு வசதி பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, 2020 முதல் தோட்டங்களுக்கு அப்பாலுள்ள துறைகளுக்கும் விரிந்துவிட்டது. தங்குமிடம் கொடுக்கும் முதலாளி ஒவ்வொரு தொழிலாளிக்கும் கட்டில், 4 அங்குலத்துக்குக் குறையாத மெத்தை, தலையணை, போர்வை ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. போர்வையைக் கொடுத்துவிட்டால் சோதனைக்கு வரும் அதிகாரிக்குப் பதில் சொல்லிவிடலாம். அதைத் துவைக்க வழியும் மாற்றுத் துணியும் கொடுத்தாலன்றோ மஹ்ஷரில் பதில் சொல்ல முடியும்!

செலவு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது வியாபாரிகளாகிய நம் பழக்கம். பார்ப்போம். ஒற்றைக் கட்டிலுக்குச் சாதாரண விரிப்பும் உறையும் இரண்டு மூன்று தட்டு நாசி கந்தார் விலைக்குள் அடங்கும். ஆளுக்கு இரண்டு ஜோடி. பெயர் எழுதிய பை ஒன்று. மேல்மாடியில் மழை படாத ஓர் இடத்தில் கொடி. வாரம் ஒரு நாள் எல்லாப் பைகளையும் டோபிக் கடைக்கு அனுப்பி எடுக்கும் கூலி. ஷிப்டு மாறிப் படுக்கும் வழக்கம் இருந்தால் அதை விட்டொழிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கட்டில்தான் முறை. கடையின் மாதச் செலவுப் புத்தகத்தில் இவையெல்லாம் ஒரு வரிக்கு மேல் வராது.

நம்மில் பலருடைய தகப்பனாரும் பாட்டனாரும் கடையநல்லூரிலிருந்தும், தென்காசியிலிருந்தும், இராமநாதபுரம் சீமையிலிருந்தும் கப்பலேறி வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களே. இன்று நம் மேல்மாடியில் படுப்பவன் அதே ஊர்ப்பிள்ளையாக இருக்கலாம். வங்காள தேசத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். தொலைபேசியில் அவள் சாப்பிட்டாயா என்று கேட்பாள், தூங்கினாயா என்று கேட்பாள். இரண்டுக்கும் அவன் கூசாமல் ஆம் என்று பதில் சொல்லும்படி வைத்திருப்பது நம் பொறுப்பு.

ஆகவே சகோதரர்களே, வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னதாக ஒரு முறை மேல்மாடிக்கு ஏறிப் பாருங்கள். ஆளை அனுப்பாதீர்கள், தாங்களே ஏறுங்கள். கட்டில்களை எண்ணுங்கள், விரிப்புகளை எண்ணுங்கள். குறைவதை வாங்குங்கள். என் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. எங்கே மலிவோ அங்கே வாங்குங்கள். வெளிர்நிறமாக மட்டும் வாங்குங்கள்.

அல்லாஹுத் தஆலா நம் உடலையும், உள்ளத்தையும், படுக்கையையும் தூய்மையாக்கி, நம் கையின் கீழ் உள்ளோர் விஷயத்தில் நம்மைக் குற்றவாளிகளாக நிறுத்தாமல் காத்தருள்வானாக. ஆமீன்.