ஆயுதம் ஏந்தாதவனின் பங்கு

ஆயுதம் தொடேன் என்று விரதம் பூண்டு யுத்தகளம் புகுந்தவன், அங்கே சிந்தும் இரத்தத்தில் தனக்குப் பங்கில்லை என்று சொல்லிக்கொள்ள முடியுமா? 1945-ஆம் வருஷம் ஒகினாவா யுத்தத்தில், துப்பாக்கி ஏந்த மறுத்துவிட்டு, காயமுற்றுக் கிடந்த சுமார் 75 பேரைச் செங்குத்தான பாறை முகட்டிலிருந்து கயிற்றில் கட்டி ஒவ்வொருவராக இறக்கிவிட்ட டெஸ்மண்ட் டாஸ் என்னும் அமெரிக்கச் சிப்பாயின் சரித்திரத்தை 'ஹாக்ஸா ரிட்ஜ்' திரைப்படத்தில் காணும்போது கண்கள் பனிக்கின்றன. ஆயினும் இந்தச் சந்தேகம் அகல்வதில்லை. கடவுளை நம்பி நடந்த அவருக்குத் தோழர்களின் துப்பாக்கிகளும் காவலாக இருந்தன அல்லவா?

நம் இதிஹாஸம் இவ்விஷயத்தில் தாட்சண்யம் பார்க்கவில்லை. ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்களித்து, சாட்டையும் கடிவாளமுமாகத் தேர்த்தட்டில் அமர்ந்த கண்ணனை (பீஷ்மரின் எதிரே அவ்வாக்கு ஒரு கணம் தடுமாறியதை ஸ்ரீரங்கத்து உபந்நியாசகர்கள் எவ்வளவு ரசித்துச் சொல்கிறார்கள்!) யுத்தம் முடிந்ததும் காந்தாரி சபிக்கிறாள். தடுக்க வல்லவன் தடுக்கவில்லை என்பதே அவள் வழக்கு. கண்ணனோ அந்தச் சாபத்தைப் புன்னகையோடு ஏற்றுக்கொள்கிறான்.

ஸ்ரீரங்கத்தில் பிறந்த டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன், லண்டனில் வைத்தியம் பயின்ற நாளில் சாவர்க்கரோடும் வரகனேரி வ. வே. சு. ஐயரோடும் பழகியவர், ஆயுத மார்க்கம் இன்னதென்று அறியாமல் அஹிம்சைக்கு வந்தவர் அல்லர். அவருடைய திருச்சி இல்லத்திலிருந்துதான் 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி, ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கால்நடையாகப் புறப்பட்டார். இவர்களுக்குப் பின்னால் துப்பாக்கி ஏதுமில்லை. ஆகவே சிப்பாயிடம் கேட்ட கேள்வி இவர்களைத் தீண்டாது என்று தோன்றும். ஆனால் தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் புத்திசாலி. யாத்திரிகர்களை உடனே பிடித்து அடைக்காமல், அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களைத் தண்டிப்பதாக அறிவித்தார். விரதம் தொண்டருடையது, சிறை சோறிட்டவருடையது என்றாகிவிட்டது. ஊரார் சளைக்கவில்லை, இரவோடு இரவாகச் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிவைத்தார்கள். பொட்டலத்தில் பெயர் ஏது?

ஆயுதம் துறந்தவனுடைய சுமையில் ஒரு பகுதி பிறர் தோளில் இறங்கியே தீரும் என்றுதான் இதிலிருந்து எனக்குப் படுகிறது. டாஸின் தோழர்கள் அந்தச் சுமையை முதலில் வெறுத்தார்கள், ஏசினார்கள், பிறகே வணங்கினார்கள். காவிரிக்கரையிலோ அது கேளாமலே ஏற்கப்பட்டது. கும்பகோணத்தில் பந்துலு ஐயர், மரக்கிளையின் மறைவையும் நாடாமல், ஊரறியத் தம் இல்லத்தில் யாத்திரிகர்களுக்கு இலை போட்டார். அதற்காகச் சிறைக்கும் சென்றார்.