28 நாள் பணக்காரர்

வெளிநாட்டு விசாவுக்குப் போகிறவர் கையில் இருக்கும் ஃபைலைப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பாஸ்போர்ட், போட்டோ, அழைப்புக் கடிதம், வருமான வரிக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட், ஃபிக்ஸட் டெபாசிட் ரசீது, வீட்டுப் பத்திர நகல், ஆபீஸில் லீவு கொடுத்த லெட்டர்... பெண் பார்க்க வருகிற சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள்.

இதில் மற்றதெல்லாம் ஏற்கெனவே வீட்டு பீரோவில் இருக்கும் சமாசாரங்கள். ஒரே ஒரு காகிதம் மட்டும் பல பேர் விஷயத்தில் 'தயார்' செய்யப்படுகிறது. அதுதான் பேங்க் பேலன்ஸ்.

எப்படித் தயார் செய்வது? மச்சானிடம் மூன்று லட்சம், பெரியப்பா பையனிடம் இரண்டு லட்சம், மனைவியின் நகையை வைத்து இன்னும் கொஞ்சம். "விசா கைக்கு வந்த மறுநாளே திருப்பிக் கொடுத்துடறேன்" என்று சத்தியம். சொந்தக்காரர்கள் கையை விரித்துவிட்டால், இதற்கென்றே வட்டிக்குப் பணம் தருகிற ஆட்களும் இருக்கிறார்கள். பணம் கணக்குக்கு வரும், காட்டப்படும், போய்விடும்.

இது அதிகாரிகளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான், பிரிட்டனுக்குப் படிக்கப் போகிற மாணவர் காட்டும் பணம் குறைந்தது 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருந்திருக்க வேண்டும் என்று அந்த நாடு விதி வைத்திருக்கிறது. நம்மவர்கள் என்ன செய்வார்கள்? 28 நாளைக்கு வட்டி கட்டுவார்கள். அவ்வளவுதான். 28 நாள் பணக்காரராக இருந்துவிட்டு 29-ம் நாள் பழைய ஆளாகிவிடுவார்கள்.

இது பொய்யா, இல்லையா?

எனக்குத் தெரிந்த ஒருவர், ஓய்வு பெற்ற அரசு ஊழியர். வாழ்நாளில் ஒரு ரூபாய் லஞ்சம் வாங்காதவர். மகனுடைய மேல்படிப்புக்காக இப்படித்தான் பணம் திரட்டிக் கணக்கில் போட்டார். "என்ன சார், நீங்களுமா?" என்றேன். கோபமே படவில்லை. "இதுல என்னங்க பொய் இருக்கு? பணம் நிஜம். பேங்க் நிஜம். மேனேஜர் போட்ட சீல் நிஜம். கள்ள நோட்டா அடிச்சேன்? அவங்க கேட்டது கணக்குல பணம் இருக்கான்னு. இருந்துச்சு, காட்டினேன்."

வக்கீல் வைத்து வாதாடினாலும் இவ்வளவு தெளிவாக வராது. ஆனால், பி.காம் படித்தவனிடம் இந்த வாதம் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

கணக்கியலில் 'விண்டோ டிரஸ்ஸிங்' என்று ஒரு சங்கதி உண்டு. துணிக்கடை கண்ணாடி ஜன்னலில் பொம்மைக்குப் பட்டுப் புடவை கட்டி நிறுத்துகிற மாதிரி. மார்ச் 31-ம் தேதி பேலன்ஸ் ஷீட் போட வேண்டும் என்றால், 29-ம் தேதி கடன் வாங்கிக் கணக்கில் ரொக்கத்தைக் காட்டிவிட்டு ஏப்ரல் இரண்டாம் தேதி திருப்பிவிடுவது. ஒவ்வொரு என்ட்ரியும் உண்மை. மொத்தமாகப் பார்த்தால் பொய். 2009-ல் வெளிவந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸ் மோசடி வேறு ரகம். அங்கே இல்லாத பணத்தையே இருப்பதாக எழுதினார்கள். இது இருக்கிற பணத்தைத் தன்னுடையது என்று நம்பவைப்பது.

அதனால்தான் நம் கம்பெனிச் சட்டம், கணக்கு உண்மையாக இருந்தால் மட்டும் போதாது என்கிறது. 'ட்ரூ அண்ட் ஃபேர்' என்று இரண்டு வார்த்தைகளைச் சேர்த்தே வைத்திருக்கிறது. உண்மையாகவும் இருக்க வேண்டும், நியாயமாகவும் இருக்க வேண்டும். பெரியவர் காட்டிய ஸ்டேட்மென்ட் முதல் வார்த்தையில் பாஸ். இரண்டாவதில் பாஸாகவில்லை.

சரி, அவரை ஃபெயிலாக்கியாகிவிட்டது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே பரீட்சையை வைத்துப் பார்க்கலாமா?

அமெரிக்காவின் 1952-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு. விசாவுக்குப் போய்வந்தவர்கள் வீட்டில் இந்த நம்பரைக் கெட்ட வார்த்தை மாதிரி சொல்வார்கள். சாரம் இதுதான்: சுற்றிப்பார்க்கவோ படிக்கவோ போகிறேன் என்று நீங்கள் சொன்னாலும், அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறீர்கள் என்று சட்டம் முதலிலேயே முடிவு கட்டிக்கொள்ளும். இல்லை என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்படும்படி நிரூபிப்பது உங்கள் பாடு.

கொலை வழக்கில்கூட, குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி. இங்கே தலைகீழ். அதுவும் நிரூபிக்க வேண்டியது நடந்துபோன காரியத்தை இல்லை, இனிமேல் செய்யப்போகாத காரியத்தை. 'நான் தங்கிவிடமாட்டேன்' என்பதற்கு எந்தக் கடையில் ரசீது கிடைக்கும்?

கணவரை இழந்த ஓர் அம்மா. மகளுக்குப் பிரசவம், ஒரு பணக்கார நாட்டுக்குப் போக விண்ணப்பித்தார். எந்த நாடு என்பது வேண்டாம். ஃபைலில் இருந்த அத்தனையும் உண்மை. குடும்ப பென்ஷன், வாடகை வீடு, பாஸ்புக்கில் நாற்பத்தோராயிரம். கடன் வாங்கிப் போட்டுக் காட்டச் சொன்னபோது, "அது எதுக்குப்பா, என் பொண்ணுதானே செலவு பண்றா" என்று மறுத்துவிட்டார். சில நிமிஷத்தில் இன்டர்வியூ முடிந்தது. கையில் அச்சடித்த ஒரு துண்டுக் காகிதம். பேரன் பிறந்ததை செல்போனில் பார்த்தார். "என்னை அங்க யாருப்பா வேலைக்கு வெச்சுக்கப்போறா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கட்டிய பணமும் திரும்பி வராது. அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசா விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூனிலிருந்து 185 டாலர். ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும் தட்டியதற்கு இது கூலி.

பையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்கும் பழக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1908-ல் கனடா இரண்டு விதிகள் போட்டது. ஒன்று, பிறந்த நாட்டிலிருந்து வழியில் இறங்காமல் ஒரே பயணமாக வர வேண்டும். இரண்டு, இந்தியர் போன்ற ஆசியர்கள் கையில் 200 டாலர் வைத்திருக்க வேண்டும். 'இந்தியன் வராதே' என்று எங்கேயும் எழுதவில்லை. அன்றைக்கு ஒரு கூலிக்காரர் 200 டாலருக்கு எங்கே போவார்? இந்தியாவிலிருந்து கனடாவுக்கு ஒரே பயணமாகப் போக நடைமுறையில் வழியும் இல்லை.

1914 மே மாதம் கோமகட்டா மாரு என்ற ஜப்பானியக் கப்பல் 376 பேருடன் வான்கூவர் போய்ச் சேர்ந்தது. பெரும்பாலும் சீக்கியர்கள். எல்லோரும் அன்றைய பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பிரஜைகள். கனடாவும் அதே சாம்ராஜ்யத்தில்தான் இருந்தது. இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நிறுத்திவைத்து, 24 பேரை மட்டும் இறங்கவிட்டு, மிச்சப் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பரில் கல்கத்தா பக்கத்தில் பட்ஜ் பட்ஜில் இறங்கியபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்துப்போனார்கள். 2016-ல் கனடா பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். 102 வருஷம் கழித்து!

அன்றைக்கு அந்த விதிகள் சட்டப்படி சரியானவைதான். எழுத்தில் எந்தக் குறையும் இல்லை. நியாயம் மட்டும் இல்லை. கவுன்ட்டரின் அந்தப் பக்கமும் ஃபெயில்.

இன்னொரு வேடிக்கை. 1948-ல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 13-வது பிரிவு, எந்த நாட்டிலிருந்தும் வெளியேறுவதும் சொந்த நாட்டுக்குத் திரும்புவதும் மனிதனின் உரிமை என்கிறது. வேறு நாட்டுக்குள் நுழைவது? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. வெளியே போகலாம், எங்கேயும் உள்ளே போக முடியாது. பஸ்ஸிலிருந்து இறங்க உரிமை உண்டு, தரை மட்டும் உத்தரவாதம் இல்லை என்கிற மாதிரி.

இமானுவேல் கான்ட் என்ற ஜெர்மன் தத்துவ அறிஞர் 1795-லேயே இதை யோசித்திருக்கிறார். தன் ஊரை விட்டு அதிகம் நகராத மனிதர் என்பார்கள். அவர் கணக்கு எளிமையானது. பூமி உருண்டை, பரப்பளவு இவ்வளவுதான் என்று முடிந்துபோன விஷயம், இதில் எந்த இடத்துக்கும் பிறவியிலேயே யாரும் அதிக பாத்தியதை உள்ளவர் இல்லை. அதனால் ஓர் அந்நியர் வந்தால் அவரை விரோதியாக நடத்தக் கூடாது. தங்குவதற்கு உரிமை இல்லை. வந்து பார்ப்பதற்கு உரிமை உண்டு. திருப்பி அனுப்பலாம், அதனால் அவர் அழிந்துபோக மாட்டார் என்றால்.

அழகான சமரசம். வீட்டுக்காரருக்குக் கதவு வைத்துக்கொள்ள உரிமை. தட்டுகிறவருக்கு, திருடனாகப் பார்க்கப்படாமல் இருக்க உரிமை.

இப்போது பெரியவரிடம் திரும்புவோம். 'என்னைப் பொய்யன் என்றே முடிவு செய்துவிட்டுக் கேள்வி கேட்கிறவனிடம் நான் ஏன் உண்மை பேச வேண்டும்?' அவர் மனசுக்குள் ஓடியது இதுதான். வள்ளுவரேகூட வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்க்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறாரே?

கொடுத்திருக்கிறார். ஆனால், குற்றமற்ற என்ற நிபந்தனையோடு. என் பொய்யால் எனக்கு நன்மை வரலாம். அதன் செலவை வேறு யாராவது கட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும். இங்கே கட்டுகிறார்கள். பத்துப் பேர் கடன் வாங்கிய பணத்தைக் காட்டினால், அதிகாரி பத்து லட்சத்தையும் நம்பமாட்டார், நாற்பத்தோராயிரத்தையும் மதிக்கமாட்டார். பெரியவரின் பொய்க்கான பில், அவருக்குப் பின்னால் க்யூவில் நின்ற அந்த அம்மாவின் பெயருக்குப் போகிறது. சந்தேகம் பொய்யை வளர்க்கிறது, பொய் சந்தேகத்தை வளர்க்கிறது; நடுவில் நசுங்குவது உண்மை பேசியவர்.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது தனிக்கதை. ஏமாற்றி விசா கேட்டது தெரிந்தால் பிரிட்டன் பத்து வருஷம் வரை தடை போடலாம். அமெரிக்காவில் சட்டப்படி அது ஆயுள் தடை, விதிவிலக்கு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பயத்துக்காக நேர்மையாக இருங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பின்னால் நிற்பவருக்காக இருக்கலாம் என்கிறேன்.

இதைப் படித்துவிட்டு 'வெள்ளைக்காரனே இப்படித்தான்' என்று கிளம்பினால், கொஞ்சம் நில்லுங்கள். நம் நாட்டின் 1946-ம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டத்தில் 9-வது பிரிவு, 'நான் வெளிநாட்டவன் இல்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சம்பந்தப்பட்டவர் தலையில்தான் வைத்தது. 2025-ல் அந்தச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்தது. அந்தச் சுமை இறங்கவில்லை. 2018 ஜனவரியில், பத்தாம் வகுப்பு தேறாத தொழிலாளிகள் போன்றவர்களுக்குத் தனியாக ஆரஞ்சு நிற பாஸ்போர்ட் கொடுக்கப்போவதாக நம் அரசே அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் கைவிட்டது. படிக்காதவரை தூரத்திலேயே அடையாளம் காண ஒரு நிறம்!

அரசாங்கத்தை விடுங்கள். நாம்? வீடு வாடகைக்கு விடும்போது, "பேச்சுலரா? அசைவமா? என்ன ஆளுங்க?" என்று மூன்று கேள்வியில் இன்டர்வியூவை முடிக்கிறோமே, நமக்கு 214(பி) தேவையே இல்லை. நம் அபார்ட்மென்ட் வாசலில் காரில் வருகிறவருக்கு செக்யூரிட்டி சல்யூட் அடிக்கிறார். சாப்பாடு கொண்டுவரும் பையனிடம் பெயர், போன் நம்பர், போகிற வீட்டு நம்பர், வந்த நேரம் எல்லாம் நோட்டில் எழுதச் சொல்கிறார். பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவின் பையைத் திறந்து பார்க்கிறார். அவர் யார் சொல்லிச் செய்கிறார்? மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிற நாம் சொல்லித்தான்.

கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்கலாம். எல்லோரையும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். ஊரையும் பர்ஸையும் விட்டுவிட்டு ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். முடியாது என்றால் ஏன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் எந்தக் கதவும் அநியாயக் கதவு இல்லை. தூதரகத்தில் இதை நம்மால் மாற்ற முடியாது. அபார்ட்மென்ட் சங்கத்தின் அடுத்த மீட்டிங்கில் முடியும்.