விளையாடும் இடம்

பையனுக்கு விளையாட நல்ல இடமாக லால்குடியில் தேடிப் பார்த்தாயிற்று. கோடையில் கொள்ளிடம் முழுக்க மணல்தான். மணல் அள்ளிய பள்ளங்களை நினைத்தால் அனுப்பத் துணிவில்லை. பூங்காவில் சறுக்குமரம் இருக்கிறது. ஏறவேண்டும், சறுக்கவேண்டும், மறுபடி ஏறவேண்டும். பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போகலாம் என்கிறான்.

ஆல்டோ வான் ஐக் என்ற கட்டிடக்கலைஞர் 1947 முதல் ஆம்ஸ்டர்டாமில் 700-க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை அமைத்தார். மணல்தொட்டி, வளைந்த கம்பி, சில கற்கள். கம்பி எதுவாக ஆகவேண்டும் என்பது குழந்தையின் தீர்மானம். தை அறுவடை முடிந்த வயல் இதையே, செலவில்லாமல், செய்துகொண்டிருந்தது. வரப்புதான் பவுண்டரி.

அந்த வயலை யாரும் குழந்தைகளுக்குக் கொடுக்கவில்லை. சொந்தக்காரர் விரட்டவில்லை, அவ்வளவே. கொடுக்கப்படாததால்தான் அதில் சுதந்திரம் இருந்தது. அதனாலேயே பறிபோனபோது முறையிடவும் வழியில்லை. விளையாட்டைக் குழந்தையின் உரிமையாகச் சொல்லும் 1989-ஆம் வருஷத்து ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-ல் ஏற்றது. உரிமை என்று எழுதிக் கேட்டால் சறுக்குமரம் கிடைக்கிறது. வயல் கிடைப்பதில்லை.

இதைச் சொல்ல எனக்கு யோக்யதை உண்டா என்பது வேறு விஷயம். என் வீடு நிற்பதும் அப்படியொரு வயலில்தான். மனைக்குக் கல் நட்ட பிறகும் எல்லைக்கல்லையே ஸ்டம்பாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். நின்று ரசித்தேன். பிறகு அஸ்திவாரம் தோண்டினேன். பொது இடம் என்று ஒதுக்கிய மூலையைச் சீமைக்கருவேல் மூடிவிட்டது.

இப்போது தெருவில் ஆடுகிறார்கள், என் பையனும்தான். பந்து எங்கள் காம்பவுண்டுக்குள் விழுந்தால் மற்றவர்கள் வெளியிலேயே நின்று, "சார், எடுத்துக்கலாமா?" என்கிறார்கள்.