பணியிடத்தின் குணம் அறிதல்

படிப்பை முடித்த பிள்ளைக்கு வேலை உத்தரவு வந்தவுடன் நம் இல்லங்களில் முதலில் எழும் வினா, ஊதியம் எவ்வளவு என்பதே. அடுத்தது, ஊர் எவ்வளவு தொலைவு என்பது. அவ்விடத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்துகிறார்கள் என்று கேட்போர் அரியர். கேட்க விரும்பினாலும் அதனை எப்படி அளந்தறிவது என்னும் தயக்கம் உண்டு. நேர்காணலில் இரு சாராரும் தத்தம் நற்பக்கத்தையே காட்டுவர். ஒரு நிறுவனம் தன்னைப்பற்றித் தானே கூறுவதைக் கொண்டு அதன் குணத்தை அறிதல் இயலாது.

அளவுகோல் ஒன்று நம்மிடம் முன்பே இருக்கிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து அதிசாரங்களை எண்ணுகிறது. கொல்லாமைக்குரியவை கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், தாங்கொணாப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன. மாடு முதலிய உயிர்களை மனத்திற்கொண்டே இவை பெரும்பாலும் விளக்கப்படுகின்றன. ஆயினும் கடைசி இரண்டையும் இன்றைய அலுவலக வாயிலில் நின்று எண்ணிப் பார்ப்போமாக.

துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுதும் நின்றே பணிபுரிவோர் உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதற்குச் சட்டமே தேவைப்பட்டது. கேரளம் 2018இல் அதற்கெனத் திருத்தம் செய்தது; தமிழ்நாடு 2021இல் செய்தது. இருக்கை இன்று இருக்கக்கூடும். அதில் எவரேனும் அமர்கிறார்களா என்று பார்க்கவேண்டும். கூட்டமில்லாத பிற்பகலில் அக்கடைக்குள் கால்மணி நேரம் நின்றால், அங்கே கணக்கராகச் சேரவிருக்கும் நம் பிள்ளைக்கு வேண்டிய செய்தி பெரிதும் கிடைத்துவிடும். மேலாளர் தமக்கு நிகரானவரிடம் காட்டும் பணிவை விட்டுவிடலாம். தேநீர் கொண்டுவருபவரை அவர் எச்சொல்லால் அழைக்கிறார் என்பதைக் கேட்கவேண்டும்.

உணவின் செய்தி நமக்கு இன்னும் நெருங்கியது. கதிரவன் மறையுமுன் உண்ணும் நோன்புடைய பிள்ளை, மாலை ஐந்தரை மணிக்குப் பத்து நிமிடம் கேட்டால் அவ்விடம் என்ன சொல்லும்? அயல்நாட்டு நேரத்தை ஒட்டி இயங்கும் அலுவலகங்களில் அந்நேரத்தில்தான் வேலை சூடுபிடிக்கிறது. இதனைக் கேட்க நம் பிள்ளைகள் நாணுகிறார்கள். சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று பெற்றோரும் சொல்லிவிடுகிறோம். சேருமுன் கேட்பதே நன்று. "ஆகட்டும்" என்னும் விடையைவிட, அதைச் சொல்லும் முகம் நமக்கு அதிகம் உணர்த்தும். நோன்பை எள்ளுமிடம் அதனோடு நிற்பதில்லை. மகப்பேற்று விடுப்புக் கேட்கும் பெண்ணும், நோயுற்ற தந்தைக்காக விடுப்புக் கேட்பவரும் அங்கே அதே சிரிப்பைத்தான் காண்பர்.

கடனும் தங்கையின் திருமணமும் முன்னிற்கும்போது தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை என்பது உண்மையே. பாரம் மிகுந்த இடத்தில் பொறுத்திருப்பவரை நாம் குறைகூற மாட்டோம்; குற்றம் ஏற்றியவருடையது. ஆனால், வாய்மைக்குரிய அதிசாரங்களுள் ஒன்றான பொய்யாவணம் எழுதுதல் வேறு வகையானது. இருப்புப் பதிவேட்டில் முன்தேதி இடச் சொல்லுமிடத்தில், செய்யாத சோதனையைச் செய்ததாகக் கையொப்பம் கேட்குமிடத்தில், பணிந்தவரே வினையையும் ஏற்கிறார். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படல் என மூவழியாலும் வினை வந்து சேரும் என்பது நம் நூல்களின் துணிபு. "மேலிடம் சொன்னது, எழுதினேன்" என்பது இம்மூன்றனுள் எதற்கும் விலக்காகாது. ஊதியக் குறைவையும் கடுஞ்சொல்லையும் குடும்ப நிலையோடு வைத்து எடைபோடலாம். இதனை அவ்வாறு எடைபோடலாகாது என்பதே நம் கருத்து.

இதுவோ வாயிலில் நின்று காணக்கூடியதன்று. அப்பணியில் முன்பு இருந்தவரைத் தேடிச் சென்று கேட்கவேண்டும். விலகியவர் சினத்தோடு பேசக்கூடும். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு முடிவு செய்தல் அநேகாந்தம் கற்ற நமக்கு அழகன்று. ஆகவே இன்னொருவரையும் கேட்கவேண்டும். நேர்காணலிலும் இதனைப் பணிவுடன் வினவலாம். "அவருக்கு இவ்விடம் ஒத்துவரவில்லை" என்று சொல்வார்கள். பெரும்பாலோர் அவ்விடையோடு தலையசைத்துவிட்டு எழுந்துவிடுகின்றனர். இன்னும் ஒரு வினா எஞ்சியிருக்கிறது: எது ஒத்துவரவில்லை, ஐயா?